அக்கா மகளின் மூன்று பட்டங்கள்

ஜனவரி 2

இந்த டைரி பல்கலைக்கழகமே அச்சடித்தது. வழவழப்பான அட்டை, பொன் எழுத்து, முதல் பக்கத்தில் வேந்தர் ஐயாவின் வண்ணப்படம். துறைத் தலைவர்களுக்கு மட்டும் கொடுப்பது. எனக்கும் ஒன்று வந்திருக்கிறது. அலுவலகத்தில் மிஞ்சிக் கிடந்ததைத் தூக்கிக் கொடுத்தார்கள் என்று பியூன் நடராசு சொல்லித் திரிகிறான். அவனுக்கு வரவில்லை, அந்த எரிச்சல்.

முறைப்படி முதலில் என்னைப் பற்றி. பெயர் சிலுவைமுத்து. வயது ஐம்பத்தொன்று. ஊர் குமரி மாவட்டத்து மேற்குக் கடற்கரை. வீட்டிலிருந்து நடந்தால் அரைமணி நேரத்தில் கேரளா. படிப்பு எட்டாம் வகுப்பு. அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை. உத்தியோகம், கோயம்புத்தூருக்குப் பக்கத்திலுள்ள இந்த நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் உதவி விளையாட்டு அதிகாரி. பதிவேட்டில் 'மைதானப் பணியாளர்' என்று எழுதியிருப்பார்கள். அது சம்பளக் கணக்குக்காக. பந்துக்குக் காற்று அடிப்பது, சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுவது, கோல் வலையைக் கட்டுவது, எல்லாம் என் பொறுப்பு. கோடு கோணினால் சர்வதேச விதிப்படி ஆட்டமே செல்லாது. அப்படிப் பார்த்தால் இங்கே எனக்கு மேல் யாரும் இல்லை.

வேந்தர் ஐயாவும் எட்டாம் வகுப்புதான் என்று கேள்வி. இப்போது பெயருக்கு முன்னால் டாக்டர் இருக்கிறது. நூல் மில், ஆஸ்பத்திரி, அதற்கப்புறம் பல்கலைக்கழகம். ஒரே படிப்புள்ள இரண்டு பேர் ஒரே வளாகத்தில் இருக்கிறோம்.

ஜனவரி 11

என் அக்கா மகள் டெல்பின் இன்று பயிற்சி ஆட்டத்தில் நான்கு கோல் அடித்தாள். மூன்றுதான் என்று கீப்பர் பூங்கொடி சொல்கிறாள். கோடு போட்டவன் நான், எனக்குத் தெரியாதா.

இவளை இங்கே கொண்டுவந்ததே நான்தான். ஐந்து வருடத்துக்கு முன் எங்கள் கடற்கரையில் நடந்த பெண்கள் போட்டியைப் பார்க்க உடற்கல்வி இயக்குநர் தனபாலன் சார் வந்திருந்தார். பிளஸ் டூ முடித்திருந்த பிள்ளை மணலில் பந்தை உருட்டிக்கொண்டு போனதைப் பார்த்தவர் அங்கேயே அசந்துவிட்டார். படிப்பு இலவசம், விடுதி இலவசம், சாப்பாடு இலவசம் என்றார். அவள் அப்பா மஸ்கட்டில் படகில் இருந்தார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் பேசினேன். பிள்ளைக்குத் துணையாகத் தாய்மாமனும் வருவான், அவனுக்கும் ஒரு வேலை வேண்டும் என்று சொன்னேன். அதாவது, அவர்களே என்னைக் கெஞ்சிக் கேட்டார்கள்.

அதிலிருந்து நாலு தடவை அகில இந்தியப் போட்டிக்குப் போய், இரண்டு கோப்பை வந்திருக்கிறது. கோப்பை வந்த வருடம் இஞ்சினியரிங் சீட்டுக்கு இருக்கிற விலை, கோப்பை வராத வருடம் இருக்காது என்று தனபாலன் சாரே சொல்வார். நாளிதழ் விளம்பரத்தில் டெல்பின் படம் வரும். பக்கத்தில் ஒரு நுண்ணோக்கியும் இருக்கும்.

ஜனவரி 19

டீக்கடையில் ஒருவன் கேட்டான், உங்க பிள்ளை அஞ்சு வருசமா என்ன படிக்குது என்று.

சொன்னேன். முதலில் மூன்று வருடம் பி.ஏ. வரலாறு. அடுத்து நூலக அறிவியல். இப்போது யோகக் கலைப் பட்டயம், முதலாண்டு. மூன்று பட்டம். ஒரு வீட்டில் ஒரு பட்டமே பெரிது.

பல்கலைக்கழகப் போட்டியில் ஆட வேண்டுமென்றால் மாணவியாக இருக்க வேண்டும், இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். அதனால் ஒன்று முடிந்ததும் இன்னொன்றில் சேர்த்துவிடுவார்கள். தேர்வுகள்தான் எப்போதும் போட்டி நாளிலேயே வந்து விழும். அவள் எழுதாமல் விட்ட தாள்கள் இருக்கின்றன, அவை அவள் பேரில் அப்படியே இருக்கின்றன, எங்கேயும் போய்விடாது.

ஒரு தடவை அவள் வரலாற்று வகுப்பில் போய் உட்கார்ந்தாளாம். பேராசிரியர், யாரும்மா நீ, எந்த டிபார்ட்மெண்ட், என்று கேட்டாராம். இதைச் சொல்லிவிட்டு டெல்பின் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் முதலில் நிறுத்திவிட்டாள்.

ஜனவரி 27

நேற்றுக் கொடியேற்று விழாவில் வேந்தர் ஐயா பேசினார். மார்ச்சில் தில்லியிலிருந்து தர ஆய்வுக் குழு வருகிறதாம். உயர்ந்த தரம் கிடைத்தால் பல்கலைக்கழகம் எங்கேயோ போய்விடும். ஆராய்ச்சிக்கு மதிப்பெண், நூலகத்துக்கு மதிப்பெண், விளையாட்டுக்கும் மதிப்பெண். அதனால் கோப்பைகளைத் துடைக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 8

டெல்பின் மைதானத்துக்கு ஓடிவந்தாள். கையில் கடிதம். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. தேர்வு ஆட்டத்துக்குப் போன மாதம் அவள் விடுமுறை சொல்லிவிட்டுப் போனது எனக்கே தெரியாது.

"மாமா, மார்ச் இருவதுக்குள்ள பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டி.சி.யும் கொண்டு காட்டணும். அம்புட்டுதான். டிகிரி ஒண்ணும் வேண்டாம்."

"அது எங்க இருக்கு மக்ளே?"

"இங்கதான். சேரும்போது ஆபீசுல வாங்கி வச்சிட்டாவல்லா. நீங்கதான குடுத்திய."

கொடுத்தது உண்மை. எல்லாப் பிள்ளைகளிடமும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பத்திரத்துக்கு.

"யார்ட்டயும் சொல்லிராதிய மாமா. போட்டிக்கு முன்னால பி.டி. சாருக்குத் தெரிஞ்சா தரமாட்டாவ. நான் வேற எதாவது காரணம் சொல்லி வாங்கப் பாக்குதேன்."

"நான் ஏன் பிள்ளே சொல்லப்போறேன்."

பிப்ரவரி 9

யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 12

டீக்கடைக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் வெளியாள். நடராசு பக்கத்தில் இருந்தது என் தப்பில்லை. மேலும், ரயில்வே சாதாரண வேலை கொடுக்கவில்லை, ஸ்டேஷன் மாஸ்டருக்கு மேலே ஒரு பதவி, பெரிய அதிகாரிகள் போகிற தனி சலூன் பெட்டி என்று நான் சொன்னதில் கொஞ்சம் கூடுதல் இருந்திருக்கலாம். அதனால் அதை ரகசியம் என்று கணக்கில் எடுக்க முடியாது.

பிப்ரவரி 14

தனபாலன் சார் அறைக்கு அழைத்தார். நாற்காலியைக் காட்டினார். ஐந்து வருடத்தில் அந்த நாற்காலியில் முதல் தடவை.

"வாங்க சிலுவை. காப்பி சாப்பிடறீங்களா?"

"இப்பத்தான் சார் குடிச்சேன்."

"இன்னொரு டம்ளர் குடிச்சா ஒண்ணும் ஆகாதுங்க. அப்புறம், புள்ளைக்கு ரயில்வேல கெடச்சிருக்குன்னு கேள்விப்பட்டேன். சந்தோசமுங்க."

நான் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மார்ச் கடைசில அகில இந்தியப் போட்டி. அதுக்கு முன்னாடி கமிட்டி வருது. இந்த நேரத்துல ஒரு புள்ளை விட்டுப்போட்டுப் போச்சுன்னா வேந்தருக்கு நான் என்னங்க சொல்றது? உங்களுக்கும்தான் சங்கடம். அவ இருக்கறதாலதானுங்க நீங்களும் இங்க இருக்கறீங்க."

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு ஒரு ஃபைலை எடுத்துக் காட்டினார். அதில் டெல்பின் இன்னும் இரண்டு வருடம் இங்கேயே படிப்பாள், இடையில் போகமாட்டாள் என்று காப்பாளர் எழுதிக் கொடுத்த உறுதிமொழி இருந்தது. ஆங்கிலம். கீழே என் கையெழுத்து. போன ஜூனில் போட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், எஸ் எழுத்தைப் பாய்மரம் போல இழுப்பேன். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று அப்போது கேட்கவில்லை. அதிகாரிகள் ஒருவரை ஒருவர் அப்படிச் சந்தேகப்படுவது அழகல்ல.

புறப்படும்போது இரண்டு செய்தி சொன்னார். இத்தனை நாள் பெவிலியன் படிக்கு அடியில் தங்கியிருந்த எனக்கு இனிமேல் குளியலறை வைத்த அறை. அப்புறம், கமிட்டி பெற்றோரைச் சந்திக்கும் கூட்டத்தில் விளையாட்டு மாணவர் சார்பாக நான் உட்காருகிறேன். ஆயிரக்கணக்கான பெற்றோரில் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 17

டெல்பின் அலுவலகத்தில் சான்றிதழ் கேட்டிருக்கிறாள். தனபாலன் சார் கையெழுத்து வேண்டும் என்றார்களாம். அவரிடம் போயிருக்கிறாள். போட்டி முடிந்து பார்க்கலாம் என்றாராம். தொலைந்துவிட்டது என்று எழுதிக்கொடுத்து நகல் வாங்கலாமா என்று விசாரித்திருக்கிறாள். மூன்று மாதம் ஆகுமாம். டி.சி.க்கு எப்படியும் இவர்கள்தான் வேண்டும்.

"சாருக்கு எப்பிடி மாமா தெரிஞ்சுது?"

"நடராசு ஒரு மாதிரி ஆளு பிள்ளே. அவங்கிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்."

புது அறையில் குழாயில் வெந்நீர் வருகிறது.

பிப்ரவரி 26

பெற்றோர் கூட்டத்துக்கு ஒத்திகை. நாங்கள் பன்னிரண்டு பேர். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அச்சடித்த தாள். நூலகம் எப்படி, மிகச் சிறப்பு. வகுப்புகள் நடக்கின்றனவா, ஒழுங்காக. குறை உண்டா, இல்லை. ஒரு மில் மேனேஜர் இரண்டு தடவை தடுமாறினார். நான் ஒரே மூச்சில் சொன்னேன். தாளில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். பதிவாளரே திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 4

டெல்பின் புது அறைக்கு வந்தாள். முழங்காலில் பிளாஸ்திரி. குளியலறையை எட்டிப் பார்த்தாள்.

"மாமா, கமிட்டி முன்னால நீங்க இருப்பியளாமே."

"நடுவுல நாற்காலி போட்டிருக்காவ."

"அங்க வச்சுக் கேளுங்க மாமா. வெளியாளுக முன்னால இவங்களால இல்லன்னு சொல்ல முடியாது. என் பிள்ளைக்க சர்டிபிகேட்ட தரமாட்டேங்காவன்னு ஒரு வார்த்த. வேற ஒண்ணும் வேண்டாம்."

"ஒரு வார்த்தையா? நான் பேச ஆரம்பிச்சா வேந்தரே எந்திரிச்சு நிப்பாரு."

"வேந்தர் நிக்க வேண்டாம் மாமா. கேட்டாப் போதும்."

அக்காவும் போனில் பேசினாள். "தம்பி, அவ அப்பாவுக்கு மூச்சு வாங்குது, மஸ்கட்டுல இருந்து திரும்பி வந்துட்டாரு, இனி கடலுக்குப் போவ முடியாது. இவளுக்கு இது கெடச்சாத்தான் உண்டு. நீ இருக்கியேன்னுதான் அனுப்புனேன்."

கேட்கிறேன் என்று சத்தியம் செய்தேன். போனில் செய்தாலும் சத்தியம்தான்.

மார்ச் 11

இன்று என் வாழ்க்கையில் முக்கியமான நாள். விரிவாக எழுத வேண்டும்.

வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. குளிரூட்டிய அரங்கம். கமிட்டியில் மூன்று பேர். இரண்டு பேர் வடநாட்டுக்காரர்கள், ஒருவர் கேரளாவிலிருந்து வந்த பேராசிரியை. சுவரோரம் தனபாலன் சார், பதிவாளர், படம் எடுக்கிற பையன்.

மில் மேனேஜர் நூலகம் என்று சொல்ல வந்து கேண்டீன் என்றார். அப்புறம் என் முறை. என் ஊரைச் சொன்னதும் அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய ஊர் எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் பத்துக் கிலோமீட்டர்தானாம். உடனே மலையாளத்துக்கு மாறிவிட்டார்.

"சேட்டன்றெ மருமகள்க்கு இவிடெ எந்தெங்கிலும் புத்திமுட்டு உண்டோ? தைரியமாயிட்டு பறஞ்ஞோளூ."

அக்கா மகளுக்கு இங்கே ஏதாவது கஷ்டம் உண்டா, தைரியமாகச் சொல்லுங்கள் என்று அர்த்தம். அந்த அரங்கத்தில் அது என்னையும் அவரையும் தவிர ஒருவருக்கும் புரியவில்லை. தனபாலன் சார் பதிவாளரைப் பார்த்தார், பதிவாளர் தனபாலன் சாரைப் பார்த்தார்.

நான் மலையாளத்திலேயே பதில் சொன்னேன். அருமையாகச் சொன்னேன். ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் பேசியிருப்பேன். சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லப்பட்டது. அந்த அம்மா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார், குறித்துக்கொண்டார், கடைசியில் கை குலுக்கினார்.

மத்தியானம் கமிட்டிக்குச் செய்த அதே சாப்பாடு எங்களுக்கும். மூன்று இனிப்பு.

மார்ச் 12

டெல்பினிடம் சொல்லிவிட்டேன், கேட்டாயிற்று என்று. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் திருவிழாக் கூட்டத்தில் பிடிப்பாள், அதற்கப்புறம் இப்போதுதான்.

மார்ச் 14

இன்றும் அலுவலகத்துக்குப் போனாளாம். தகவல் ஒன்றும் வரவில்லை என்றார்களாம். தில்லிக்குப் போய் உத்தரவு வர நாள் ஆகும் என்று விளக்கினேன்.

மார்ச் 17

சாயங்காலம் சுண்ணாம்புப் பொடியைச் சலித்துக்கொண்டிருந்தேன். டெல்பினும் பூங்கொடியும் வந்தார்கள். டெல்பின் பூட்ஸ் போடவில்லை, செருப்பு.

"மாமா, அந்த டீச்சரு ஒங்ககிட்ட என்ன கேட்டாவ?"

"புத்திமுட்டு உண்டோன்னு கேட்டாவ மக்ளே."

"நீங்க என்ன சொன்னிய?"

"அன்னைக்கே சொன்னேனே. பிள்ளைக்க சர்டிபிகேட்ட வாங்கித் தாங்க டீச்சரேன்னு கையெடுத்துக் கும்புட்டேன்."

"கும்புட்டியளா?"

"ரெண்டு கையும் சேத்து. அவியளுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் சல்லடையைத் தட்டினேன்.

"வேற ஒண்ணும் சொல்லலியா மாமா? யோசிச்சுப் பாருங்க."

"வேற என்ன பிள்ளே சொல்லப்போறேன்."

"சரி மாமா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பூங்கொடி போகவில்லை. அவள் பொள்ளாச்சிப் பக்கம், மரியாதையான பிள்ளை.

"அங்கிள், அந்தக் கூட்டத்து வீடியோவ யூனிவர்சிட்டி பேஜுல போட்டிருக்காங்க. நேத்தே நாங்க எல்லாரும் பாத்துட்டோம். நீங்க பேசுனது எங்களுக்குப் புரியலைங்க. அவதான் வரி வரியா தமிழ்ல சொன்னா."

எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்கு மலையாளம் தெரியும் என்பது எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று என்று விளங்கவில்லை. சந்தையிலும் பள்ளியிலும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள்.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்னதத்தான் சொன்னா அங்கிள்."

சரி, இது என் டைரி. எழுதுகிறேன். ஒரு கஷ்டமும் இல்லை டீச்சரே என்றுதான் தொடங்கினேன். பிள்ளை இங்கே மூன்று பட்டம் வாங்கியிருக்கிறாள் என்றேன். ரயில்வேக்காரன் மூன்று தடவை வீட்டு வாசலில் வந்து நின்றான், இந்தப் பல்கலைக்கழகத்தை விட்டு எங்கேயும் வரமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டாள் என்றேன். அடுத்து ஆராய்ச்சி செய்யப்போகிறாள் என்றேன். என்னிடம் அந்த அம்மா என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். கடல் என்றேன்.

கேட்கத்தான் நினைத்தேன். வாயைத் திறந்தபோது சுவரோரம் தனபாலன் சார் நின்றுகொண்டிருந்தார். மலையாளம் அவருக்குப் புரியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தது.

மார்ச் 20

ரயில்வே சொன்ன கடைசி நாள். கோடு போட்டேன். நெட்டு நூற்றுப் பத்து மீட்டர், குறுக்கு எழுபது.

மார்ச் 21

டெல்பின் ஊருக்குப் புறப்பட்டாள். ஒரு பை. கோப்பை அலமாரியில் அவள் படம் இருக்கிறது, அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேருந்து நிறுத்தம்வரை பையைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று பின்னால் போனேன். தரவில்லை.

"அம்மைட்ட நான் ஒண்ணும் சொல்லல மாமா. நீங்களே சொல்லுங்க. உள்ளத சொல்லுங்க."

"சொல்லுதேன் மக்ளே."

"போட்டிக்கு நான் இல்லாட்டா ஒங்க வேலை போயிருமோ?"

இந்தக் கேள்வியை எதற்குக் கேட்டாள் என்று தெரியவில்லை. குத்தலாகக் கேட்டமாதிரி இல்லை. பேருந்து வந்துவிட்டது.

ரயில்வேயில் அந்தப் பணியிடத்தையே ரத்து செய்துவிட்டார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். தில்லியில் ஏதோ அரசியல் என்றேன்.

ஏப்ரல் 6

அகில இந்தியப் போட்டியில் கால் இறுதியில் தோல்வி. பூங்கொடி ஒரு பெனால்டியைத் தடுத்தும் பயனில்லை. டெல்பினுக்கு முழங்காலில் காயம் என்று அறிக்கை கொடுத்திருந்தார்கள்.

ஏப்ரல் 22

உயர்ந்த தரமே கிடைத்துவிட்டது. கோப்பையே இல்லாமல் கிடைத்துவிட்டது. வளாகம் முழுக்கத் தோரணம், எல்லாருக்கும் லட்டு. கமிட்டி அறிக்கையில் ஒரு வரி வந்திருக்கிறதாம், விளையாட்டு மாணவியர் உயர்கல்வியிலும் ஆராய்ச்சியிலும் காட்டும் ஆர்வம் பாராட்டுக்குரியது என்று. பதிவாளர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அந்த வரி என்னுடையது. அக்காவிடம் சொல்லலாம் என்று போன் போட்டேன். ஒன்பது தடவை போட்டேன். எடுக்கவில்லை. டெல்பின் சொல்லியிருப்பாள் போல. நாகர்கோவிலில் துணிக்கடையில் பில் போடுகிறாளாம், நின்றுகொண்டே வேலையாம். பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான். சான்றிதழ் இன்னும் இங்கே பீரோவில்தான் இருக்கிறது, இரண்டு வருடக் கட்டணத்தைக் கட்டினால் தருவார்களாம். அவள் இலவசமாகச் சேர்ந்தவள்.

மே 3

தனபாலன் சார் அழைத்தார். நாற்காலி இல்லை, நின்றுகொண்டே பேசினோம்.

"சிலுவை, ரூமு ஒரு மாசம் உங்களுக்கே இருக்கட்டுங்க. அதுக்குள்ள உங்க கடற்கரைப் பக்கம் போய் ஒரு நல்ல ஃபார்வர்டு பாத்துக் கூட்டிட்டு வாங்க. உங்களுக்குத் தெரியாத ஆளா?"

எனக்குத் தெரியாத ஆள் அந்தக் கரையில் இல்லை என்றேன்.

மே 9

எங்கள் ஊருக்குப் போகவில்லை. நேரமில்லை. இரண்டு ஊர் தள்ளி, ஷைனி என்று ஒரு பிள்ளை. இடதுகால். இந்த வருடம் பிளஸ் டூ, ஐந்நூற்றுப் பதினாறு மார்க். பொரித்தெடுத்த மீனும் சோறும் வைத்தார்கள். தாயார் பக்கத்திலேயே நின்றார். நான் பல்கலைக்கழகப் புத்தகத்தை விரித்து டெல்பின் படத்தைக் காட்டினேன்.

"இது என் அக்கா மவ. அங்க மூணு பட்டம் வாங்குனா. இப்ப ரயில்வேயில பெரிய உத்தியோகம்."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்றார் அந்த அம்மா. "ஒரிஜினல் மார்க் ஷீட்டெல்லாம் அங்க குடுக்கணுமாண்ணே?"

"பத்திரமா வச்சிருப்பாவ. இங்க உப்புக்காத்துல வச்சா மக்கிப்போவும்."

அவர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். "அந்தப் பிள்ளைக்க நம்பர் இருந்தாத் தாங்களேன் அண்ணே. ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்."

"டூட்டியில இருப்பா. இப்ப போனை எடுக்க மாட்டா."

"ஆமா, ரயில்வேல்லா," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.